காப்பும் கரும்பலகையும்

நெடுங்கேணியிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் சென்ற கிழமை நமது மேசைக்கு வந்து சேர்ந்தது. கொப்பித் தாளின் இரு பக்கமும் நெருக்கி எழுதிய கடிதம். அவருடைய மூத்த மகள் ஊர்ப் பாடசாலையிலே தரம் 10 இற் படிக்கிறாள். அடுத்த ஆண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அமர வேண்டியவள். அயல் வீட்டுப் பிள்ளைகள் இருவர் சனியும் ஞாயிறும் விடியற்காலையில் பஸ் ஏறி, புளியங்குளம் சந்தி வழியாக வவுனியா நகருக்குச் சென்று, தனியார் வகுப்புகளிற் படித்துவிட்டுப் பொழுதுபட்ட பின்னர் வீடு திரும்புகிறார்கள். யானை இறங்கும் பாதை. பெண்பிள்ளையை அவ்வாறு அனுப்பத் தாய்க்கு மனம் வரவில்லை. “மகளை நகரத்திலே என் தங்கை வீட்டில் விட்டு ரியூசனுக்கு அனுப்பலாமோ என்று யோசிக்கிறேன். அதற்கு என் கையிலுள்ள ஒரு சோடிக் காப்பை அடகு வைக்க வேண்டும். பிள்ளையின் தகப்பனார், காலபோக நெல்லு வெட்டி முடியட்டும் பார்ப்போம் என்கிறார். வைக்கலாமா, வேண்டாமா?” என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தின் அடியில், பின்னர் நினைத்துச் சேர்த்ததுபோல, வேறு மையில் இரண்டு வரிகள் இருந்தன. 1999ஆம் ஆண்டிலே தாமும் இதே வகுப்பிற் படித்தவர் என்றும், இடம்பெயர்ந்த இடத்தில் மரநிழலிலே நடந்த பள்ளிக்கூடத்தில் இருந்தே பரீட்சைக்குப் படித்ததாகவும், கணிதத்தில் மாத்திரம் சித்தியடையாமற் போனதாகவும் எழுதியிருந்தார். 1997 மே மாதத்தில் ஜெயசிக்குறு என்னும் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது நெடுங்கேணி மக்கள் வீடும் வயலும் விட்டு அகன்றதை வாசகர்களுட் பலர் நேரில் அறிவார்கள். அந்தத் தலைமுறை இன்று தாய் தந்தையராகித் தன் பிள்ளைகளின் பரீட்சையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தமக்குத் தவறிப்போனது தம் பிள்ளைக்குத் தவறக்கூடாதே என்னும் ஏக்கந்தான் அந்தக் காப்புக் கேள்வியின் உள்ளே இருப்பது. ஆகையால் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை எழுதி அனுப்ப நமக்கு மனம் துணியவில்லை.

தனியார் வகுப்பைப் பழிப்பது நமது நோக்கமன்று. அங்கே நன்றாகப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களால் முன்னுக்கு வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆயினும் காப்பைக் கழற்றுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. பாடசாலை காலை 7.30 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 மணிக்கு முடிகிறது. நாற்பது நிமிடம் கொண்ட பாடவேளைகள் நாளொன்றுக்கு எட்டு, கிழமைக்கு 40. அதாவது 26 மணியும் 40 நிமிடமும். நகரத்து வகுப்புகள் சனி ஞாயிறு இரு நாளும் முழுநாளாய் நடந்தாலும் இதில் அரைப்பங்கைத் தாண்டுவது அரிது. அந்த 26 மணி நேரத்தில் நடப்பது யாது என்பதை நம்மவர் விசாரிப்பதில்லை. பணம் கொடுத்துப் பெறுவது மாத்திரம் கல்வி என்றும், இலவசமாய்க் கிடைப்பது பொழுதுபோக்கு என்றும் நமக்குள்ளே ஓர் எண்ணம் எப்படியோ குடிபுகுந்துவிட்டது.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. பரீட்சை ஆயத்தம் என்பது கலியாண வீட்டுப் பந்தலைப்போலக் கடைசிக் கிழமையிலே கட்டும் வேலை என்று நினைக்கிறோம். பாடம் ஒரு காலம், ஆயத்தம் வேறொரு காலம். பாடத்திட்டத்தை ஓட்டமாய் ஓடி முடித்துவிட்டு, கடந்தகால வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாய்ப் பிரதியெடுத்துப் பிள்ளைகளின் முன் போடுகிறோம். ஐந்தாந் தரச் சின்னஞ்சிறுசுகளுக்கும் இதுவே கதி. பத்து வயதுக் குழந்தை நாளுக்கொரு மாதிரி வினாத்தாள் எழுதுகிறது, விளையாட நேரமில்லை, வினாத்தாளைத் திருத்திப் பிழை காட்டப் பெரியவருக்கும் நேரமில்லை. இவ்வகை ஓட்டத்தின் முடிவிலே, இம்முறை என்ன கேள்வி வரும் என்று ஊகிப்பவருக்குப் பெருமதிப்பு உண்டாகிறது. 2024 செப்டெம்பரில் நடந்த புலமைப்பரிசிற் பரீட்சையின் சில வினாக்கள் முன்னரே வெளியாகிவிட்டன என்ற விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதிலே குற்றமற்ற குழந்தைகள் பெறுபேறு அறியாமல் மாதக்கணக்காய்க் காத்திருந்தார்கள். குற்றம் செய்தவர் யாராயினும் ஆகுக. ஊகக் கேள்விக்கு அங்காடி அமைத்துக் கொடுத்தவர்கள் பெற்றோராகிய நாமல்லவா?

சரி, வகுப்பறையிலே என்ன செய்யலாம்? புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே பாடங் கேட்கும் முறையைச் சொல்லுமிடத்தில் ஒரு பங்குக் கணக்கு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக மனத்திற் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையிற் காற்பங்கு. உடன்படிப்பவரோடு சேர்ந்து பயிலும்போது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கும் தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே நிரம்புகிறது. இதைப் படித்துவிட்டு நம் வகுப்பறைகளைப் பாருங்கள். நாற்பது நிமிடத்தில் முப்பத்தைந்து நிமிடம் ஆசிரியர் பேசுகிறார்; ஐந்து நிமிடம் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறார்கள். முனிவர் காற்பங்கு என்று மதித்த வேலைக்கே நேரம் முழுவதும் போய்விடுகிறது.

பழைய நூலென்று தள்ளுவோருக்குப் புதிய சான்றும் இருக்கிறது. அமெரிக்காவிலே சென் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாணாக்கருக்கு ஓர் உரைநடைப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே மீண்டும் ஒருமுறை படித்தார்கள். மற்றச் சாரார் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, நினைவில் நின்றதை வெறுந்தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள். அவர்கள் 81 வீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75 வீதம். இத்துடன் நிறுத்தியிருந்தால் மீண்டும் மீண்டும் வாசிப்பதே சிறந்தது என்று முடிவு கட்டியிருப்போம். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. இருமுறை படித்தவர்கள் 42 வீதமாக இறங்கிவிட்டார்கள். நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 வீதத்தில் நின்றார்கள்.

மாணவ நேயர்களே, இந்த இடத்தைச் சற்று நின்று பாருங்கள். இரவு முழுவதும் கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது, எல்லாம் தெரிகிறது என்ற ஒரு தெம்பு உண்டாகிறதல்லவா? அந்தத் தெம்பு ஐந்து நிமிடத்துக்கு உரியது. கொப்பியை மூடிவைத்து எழுதத் தொடங்கினால், ஒன்றும் தெரியவில்லையே என்று கை தடுமாறும். கசப்பான அந்தத் தடுமாற்றமே படிப்பு. நினைவைத் துளாவி ஒன்றை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது மேலும் ஆழமாய்ப் பதிகிறது. கல்வியைக் கேணிக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். நெடுங்கேணி என்ற பெயரை ஊருக்கே வைத்துக்கொண்டவர்களுக்கு இறைக்க ஊறும் செய்தியை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தையும் கேள்விக்கென ஒதுக்கிவிடுங்கள் என்று ஆசிரிய நண்பர்களை வேண்டிக்கொள்வோம். கொப்பி மூடியிருக்க வேண்டும். கரும்பலகையில் இரண்டு வினா போதும்: ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று சென்ற மாதத்துப் பாடத்திலிருந்து. சாதாரண தரக் கணித முதலாம் வினாத்தாளின் முதற்பகுதியில் 25 சிறு வினாக்கள் வருகின்றன. வினாவொன்றுக்கு இரண்டு புள்ளியாக 50 புள்ளி. நாளுக்கு இரண்டாகச் செய்தால், பதின்மூன்று பாடவேளையில் முழுப் பகுதியொன்று முடிந்துவிடுகிறது. ஓராண்டில் எத்தனை பகுதிகள் முடியும் என்பதைப் பிள்ளைகளே கணக்குப் பார்க்கட்டும். இதற்கென மேலதிக வகுப்பு வேண்டாம். பிரதியெடுக்கும் செலவும் இல்லை. புள்ளி போடாதீர்கள்; பெயரேட்டில் எழுதாதீர்கள். சோதனை என்ற சொல்லையே சொல்லாவிட்டால் இன்னும் நல்லது.

நமக்குக் கணிதம் கற்பித்த உபாத்தியாயர் ஒருவரிடம் விசித்திரமான ஒரு வழக்கம் இருந்தது. பிழையான விடையைக் கண்டால் அவருக்குப் புதையல் கண்டதுபோல. எழுதியவனுடைய பெயரைச் சொல்லாமல் அதைக் கரும்பலகையில் அப்படியே எழுதுவார். “இது மிகவும் கெட்டிக்காரத்தனமான பிழை. எங்கே வழி தப்பியது என்று கண்டுபிடியுங்கள்” என்பார். பிழைவிட்டவனும் மற்றவர்களோடு சேர்ந்து தன் பிழையையே தேடுவான். அவர் வகுப்பில் விடை சொல்லப் பயந்தவர் எவருமில்லை. பிரம்பு அவரிடமும் இருந்தது. வரைபடத்திலே ஊர் காட்டுவதற்குப் பயன்பட்டது.

அம்முறையை அந்தத் தாயாரின் காப்புக்கே பொருத்திப் பார்ப்போம். ரூபா 60,000 ஐ ஆண்டுக்கு 15 வீத எளிய வட்டிக்கு எட்டு மாதத்துக்குக் கடனாகப் பெற்றால் வட்டி எவ்வளவு? ஒரு பிள்ளை 9,000 என்று எழுதும். அது ஆண்டு வட்டியைக் கண்டதோடு நின்றுவிட்டது. இன்னொரு பிள்ளை 9,000 ஐ எட்டாற் பெருக்கி 72,000 என்று எழுதும். இங்கேதான் ஆசிரியருக்கு நல்ல வேளை. “எட்டு மாதத்து வட்டி, வாங்கிய முதலைவிடக் கூடுமா? உங்கள் வீட்டில் அப்படியொரு கடன் வாங்குவார்களா?” என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும். சிரித்தபின் தானாகவே மாதத்தை ஆண்டாக மாற்றி 6,000 என்னும் விடைக்கு வந்து சேரும். கண்ட விடை பொருந்துமோ என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும் இந்தப் பழக்கம் பரீட்சை மண்டபத்திலே பல புள்ளிகளைக் காப்பாற்றும். அதைக் கடைசி மாதத்தில் ஊட்ட முடியாது. தினந்தினம் ஊறவேண்டிய பழக்கம் அது.

கேள்வி கேட்பதிலும் ஒரு பொறுமை வேண்டும். மேரி பட் ரோ என்னும் அமெரிக்கப் பெண்மணி வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து ஆராய்ந்து, 1970களில் ஒரு செய்தியை வெளியிட்டார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவே! அதற்குள் விடை வராவிட்டால் வேறொருவரைக் கேட்கிறார், அல்லது தாமே சொல்லிவிடுகிறார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருக்கப் பழகிய ஆசிரியர்களின் வகுப்பில் விடைகள் நீண்டன. தெரியாது என்ற விடை குறைந்தது. வழக்கமாய் வாய்திறவாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி அற்ப நேரம் என்று எண்ணாதீர்கள். நாற்பது பிள்ளைகளின் முன் பேசாமல் நின்று பாருங்கள். மிக நீளமாய்த் தோன்றும்.

அடுத்தபடியாக, வினாவை வாசிக்கத் தெரியாமல் இழக்கும் புள்ளிகளைப்பற்றிச் சொல்ல வேண்டும். விடை தெரிந்தும் இழக்கும் புள்ளி என்பதால் இது மிகுந்த வேதனை தருவது. காண்க, காட்டுக, நிறுவுக, பெயரிடுக, விளக்குக, ஒப்பிடுக, காரணம் தருக என்பவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலையைக் கேட்கும் சொற்கள். பெயரிடுக என்ற இடத்தில் அரைப்பக்கம் எழுதி நேரத்தை இழப்பார்கள். விளக்குக என்ற இடத்தில் ஒரு சொல் எழுதிப் புள்ளியை இழப்பார்கள். கேத்திரகணிதத்தில் இரண்டு கோணங்கள் சமம் என்று எழுதிவிட்டு, ஒத்த கோணங்கள் என்றோ ஒன்றுவிட்ட கோணங்கள் என்றோ காரணம் எழுதாமல் விடுவார்கள். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் புள்ளியிடும் திட்டங்களையும் ஆசிரியர் ஒருமுறை வாசித்தால், பிள்ளைகள் எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஊகக் கேள்விப் புத்தகத்தைவிட இது எவ்வளவோ மேலான புத்தகம். மூன்று மணி நேர வினாத்தாள்களுக்கு மேலதிக வாசிப்பு நேரமென்று 10 நிமிடம் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்று எந்த வகுப்பிலாவது சொல்லிக்கொடுக்கிறார்களா? எந்த வினாவைத் தெரிவது, எதை விடுவது, எதை முதலில் எழுதுவது என்று தீர்மானிக்கும் நேரம் அது. தவணைப் பரீட்சையிலேயே அதைப் பழக்கினால் பெரும் பரீட்சையில் மனம் பதறாது.

வகுப்பறை என்றவுடன் நான்கு சுவரையே நினைக்க வேண்டாம். சாதாரண தர வரலாற்றிலே பண்டைய நீர்ப்பாசனம் வருகிறது. பிசோகொட்டுவ என்னும் அமைப்பும் வருகிறது. குளத்திலிருந்து வெளியேறும் நீரின் வேகத்தையும் அமுக்கத்தையும் கட்டுப்படுத்துவது அதன் பயன் என்று பிள்ளைகள் மனனஞ் செய்கிறார்கள். விஞ்ஞானப் பாடத்திலே திரவத்தின் அமுக்கம் ஆழத்தோடு கூடும் என்று வேறாக மனனஞ் செய்கிறார்கள். இரண்டும் ஒன்றென்பது யாருக்கும் தோன்றுவதில்லை. வன்னிப் பிள்ளைக்கோ குளம் புத்தகத்துப் பொருளன்று. மாரியிலே குளம் நிரம்பி வான் பாய்வதை அது கண்டிருக்கிறது. நிறைகுளத்தில் துருசு திறந்தால் வாய்க்காலில் நீர் சீறிக்கொண்டு பாய்வதையும், கோடையில் வற்றிய குளத்தில் அதே துருசு சோம்பி ஒழுகுவதையும் கண்டிருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு என்று ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் இரண்டு பாடமும் ஒன்றாய்த் திறந்துகொள்ளும். மறுமுறை பரீட்சகர் வினாவைச் சொல்லை மாற்றிக் கேட்டாலும் அந்தப் பிள்ளை கலங்காது. மனனஞ் செய்த பிள்ளையோ சொல் மாறியவுடன், இது படிக்காத கேள்வி என்று பேனையை வைத்துவிடும். நகரத்து ரியூட்டரியில் முந்நூறு பேருடன் வாங்கில் நெருங்கி இருக்கும் பிள்ளைக்குக் குளக்கட்டு கிடையாது. நெடுங்கேணிப் பிள்ளைக்கு உண்டு. இந்த ஒன்றிலாவது நாம் செல்வந்தர்கள்.

தவணைப் பரீட்சை முடிந்தபின் விடைத்தாள் வீட்டுக்கு வருகிறது. தகப்பனார் கேட்கும் முதற்கேள்வி, “எத்தனை புள்ளி?” இரண்டாவது, “மற்றப் பிள்ளைக்கு எத்தனை?” மூன்றாவது கேள்வி கிடையாது. ரூத் பட்லர் என்பவர் இஸ்ரவேல் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 1988இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, ஒரு சாராருக்குப் புள்ளி மாத்திரமும், ஒரு சாராருக்கு எழுத்துக் குறிப்பு மாத்திரமும், மற்றொரு சாராருக்கு இரண்டும் சேர்த்தும் கொடுக்கப்பட்டன. குறிப்பு மாத்திரம் பெற்றவர்களே பின்னர் முன்னேறினார்கள். வியப்பென்னவெனில், புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் புள்ளி மாத்திரம் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். புள்ளியைக் கண்டபின் குறிப்பை யார் வாசிக்கிறார்? சிவப்பு மையால் வெட்டிவிட்டு 38 என்று எழுதுவதைவிட, “அலகை மாற்ற மறந்துவிட்டாய், மூன்றாம் வரியைப் பார்” என்று ஒரு வரி எழுதுவது ஆசிரியருக்கும் அதிக வேலையன்று. எல்லாக் கொப்பிக்கும் முடியாதெனில் நாளுக்கு ஐந்து கொப்பிக்கு எழுதலாம்.

இவ்வளவும் எழுதும்போது, “பாடசாலையில் ஆசிரியர் இருந்தாலன்றோ?” என்று அந்தத் தாயார் முணுமுணுப்பது நமக்குக் கேட்கிறது. நியாயமான முணுமுணுப்பு. கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு ஆசிரியர் வருவதும், கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் பெற்றுப் போவதும் வழமையாகிவிட்டன. தூர இடத்திலிருந்து வருபவர் வெள்ளிக்கிழமை பஸ்ஸை நினைத்துக்கொண்டு படிப்பிப்பதையும், அவருக்கும் தம் ஊரில் குழந்தைகள் உண்டு என்பதையும் நாம் அறிவோம். இதற்கு அதிகாரிகள்தாம் பரிகாரம் காண வேண்டும். கண்டுகொண்டு வரும்வரையில், வெறுமையான பாடவேளையைப் பிள்ளைகள் வெறுமையாய்ப் போக்கலாமா?

ஒரு பழைய கதை சொல்கிறோம். 1790களில் சென்னை எழும்பூரிலே ஓர் அநாதைச் சிறுவர் பள்ளியை அன்றூ பெல் என்னும் பாதிரியார் நடத்திவந்தார். அங்கே போதிய ஆசிரியர் இல்லை. உள்ளூர்த் திண்ணைப் பள்ளியொன்றிலே சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். உபாத்திமார் அதற்கு இணங்காதபோது, ஒரு சிறுவனைக் கொண்டே மற்றச் சிறுவருக்குப் படிப்பித்தார். 1797இல் அவர் இங்கிலாந்திலே அதைப்பற்றி நூல் வெளியிட, சென்னை முறை என்ற பெயரோடு அது அங்கே பரவிற்று. சட்டாம்பிள்ளை முறை என்று நம்மவர் நன்கறிந்த ஒன்றே கப்பலேறிப் போயிற்று எனலாம். நான்கு பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றியிருந்து, ஒருவர் வினாக் கேட்க மற்றவர் கொப்பியை மூடி விடை சொல்ல, பிழையென்றால் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொண்டால், ஆசிரியரில்லாத நாற்பது நிமிடமும் வீணாகாது. முனிவர் சொன்ன இரண்டாம் காற்பங்கு அதுவே. கெட்டிக்காரப் பிள்ளையின் பெற்றோர் சிலர், “எங்கள் பிள்ளையின் நேரம் மற்றப் பிள்ளைக்காக வீணாகிறது” என்று அதிபரிடம் முறையிடுவதுண்டு. எடுத்துரைப்பவருக்கே அரைப்பங்கு என்ற கணக்கை அவர்களுக்குக் காட்டுங்கள்.

சகோதரி, இப்போது தங்களுக்குரிய பகுதிக்கு வருகிறோம். தாங்கள் கணிதத்தில் சித்தியடையாதவர் என்பதால் மகளுக்கு உதவ இயலாது என்று எண்ண வேண்டாம். இரவு அடுப்படி வேலை முடிந்தபின் கால்மணி நேரம் அவளருகே உட்காருங்கள். “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்டால், “எல்லாம் படித்தோம்” என்பாள், அதோடு பேச்சு முடிந்துவிடும். “இன்று உனக்கு விடை தெரியாமற்போன கேள்வி எது?” என்று கேளுங்கள். பிறகு, “அதை எனக்கு விளங்கச் சொல், பார்ப்போம்” என்று சொல்லுங்கள். உங்களுக்கு விளங்காவிட்டால் விளங்கவில்லை என்றே சொல்லுங்கள். அவள் மறுபடி வேறு விதமாய்ச் சொல்லுவாள். தெரிந்ததுபோலத் தலையாட்டும் தாயைவிட, விளங்கவில்லை என்று சொல்லும் தாய் பிள்ளைக்கு நல்ல மாணாக்கி. அன்று மரநிழலில் உங்களுக்குத் தவறிப்போன எளிய வட்டியை மகளிடமிருந்து இந்த வயதிற் கற்றுக்கொண்டாலும் வெட்கமில்லை.

அவளுக்கு ஒரு சிறு கொப்பி வாங்கிக் கொடுங்கள். பாடசாலையில் விட்ட பிழைகளை மாத்திரம் அதில் எழுத வேண்டும்: இடப்பக்கத்தில் பிழை, வலப்பக்கத்தில் ஏன் பிழைத்தது என்று ஒரு வரி. சனிக்கிழமை காலையில் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு இடப்பக்கத்தைத் தானே திருத்திப் பார்க்கட்டும். அயல் வீட்டுப் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்தில் இந்த வேலை முடிந்துவிடும்.

காப்பைப்பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமற் சொல்கிறோம். பாடசாலையிலே ஒரு பாடத்துக்கு ஆசிரியரே இல்லை, தவணைக் கணக்காய் இல்லை என்றால், அந்த ஒரு பாடத்துக்குக் கிழமையில் ஒருநாள் வெளியே படிப்பிப்பது தவறன்று. அதற்குக் காப்பு வேண்டியிராது. அயலிலுள்ள இரண்டு மூன்று பெற்றோர் கூடி, ஊரிலோ புளியங்குளத்திலோ படிப்பிக்கக்கூடிய ஒருவரை ஒழுங்குபடுத்தலாம். ஒன்பது பாடத்துக்கும் ரியூசன் என்று பதினைந்து வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து நகரத்தில் விடுவதை நாம் ஆதரிக்கமாட்டோம். அங்கே அவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இன்னொருவர் பேசக் கேட்கும் காற்பங்கு. அதை அவள் ஊரிலேயே பெற்றுக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன்னர், அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நெல்லு வெட்டைச் சாட்டுச் சொல்லாமல் தாங்களும் தகப்பனாரும் செல்லுங்கள். எத்தனை புள்ளி என்று கேட்காமல், எவ்வகைப் பிழை விடுகிறாள் என்று வகுப்பாசிரியரைக் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரை ஆசிரியர்கள் இலகுவில் மறப்பதில்லை.

வருகிற தவணைப் பரீட்சை முடிந்தபின் நமக்கு மறுபடியும் ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தச் சிறு கொப்பியிலுள்ள பிழைகளுள் எத்தனை விடைத்தாளில் மீண்டும் வந்தன, எத்தனை வரவில்லை என்று மகளைக்கொண்டே எண்ணுவித்து அனுப்புங்கள். புள்ளியை எழுத வேண்டாம்.